வீடு பார்க்க வருகிறீர்களா? நேரம் கேட்டுவிட்டு வாருங்கள்!

பகல் 2 மணி. வெயில் கொளுத்திக்கொண்டு இருந்தது.

வாசலில் மணி அடித்தது. என் தாயார் கதவைத் திறந்தார்.

வெளியே 5 பேர் நின்றார்கள். முன்னால் நின்றவர் வீட்டுத் தரகர்.

"வீடு பார்க்க வந்திருக்கோம்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் செருப்புக் காலோடு உள்ளே வந்துவிட்டார்.

அப்போது நாங்கள் சென்னையில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். அடுத்த மாதம் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லி இருந்தோம். அவர் தரகரிடம் சொல்லிவிட்டார். தரகர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

என் மனைவிக்குக் குழந்தை பிறந்து 20 நாள்தான் ஆகி இருந்தது. படுக்கை அறையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு இருந்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்க, தம்பி" என்றார் தாயார்.

அது தரகரின் காதில் விழவில்லை. "இது பெட்ரூம்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினார்.

உள்ளே இருந்து ஓர் அலறல்! குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது.

வந்தவர்களில் வயதான ஓர் அம்மாள் இருந்தார். அவர் சட்டென்று பின்வாங்கினார். "எல்லாரும் வெளியே வாங்க" என்று தன் வீட்டாரை அதட்டினார். என் தாயாரிடம், "மன்னிச்சுக்கங்க அம்மா. பச்சைக் குழந்தை இருக்கிறது எங்களுக்குத் தெரியாது. நீங்க எப்போ வரச் சொல்றீங்களோ, அப்போ வர்றோம்" என்றார்.

தரகர் என்ன சொன்னார் தெரியுமா?

"இதுல என்ன இருக்கு? ஓனர் சொல்லித்தானே வந்தோம்!"

நான் ஆபீசில் இருந்து திரும்பியதும் தாயார் இதைச் சொல்லி வருத்தப்பட்டார். அந்தத் தரகர் கெட்டவர் அல்ல. திருடர் அல்ல. தன் தொழிலைத்தான் செய்தார். ஆனால் ஒன்றை அவர் மறந்துவிட்டார். அவருக்கு அது ஒரு காலி வீடு. எங்களுக்கு அது குடும்பம் நடக்கும் வீடு.

யாருடைய வீடு?

வீடு வீட்டுக்காரருக்குச் சொந்தம். அதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் வாடகை வாங்கிக்கொண்டு ஒரு குடும்பத்தை உள்ளே வைத்தபிறகு, அந்த வீட்டில் வாழும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு வந்துவிடுகிறது. சாவி கைமாறும் நாள் வரை அது அவர்களுடைய வீடுதான். காலி செய்வதாகச் சொல்லிவிட்டார்கள் என்பதற்காக அது சத்திரம் ஆகிவிடாது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. சட்டமும் சொல்லுகிறது.

தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. அதற்குப் பதிலாக 2017-ம் ஆண்டு ஒரு புதிய சட்டம் இயற்றப்பட்டது. 2019-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி அது அமலுக்கு வந்தது. வீட்டுக்காரர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் கடமைகளையும் அது வகுக்கிறது.

வீட்டுக்காரர் வாடகை வீட்டுக்குள் வரவேண்டும் என்றால், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் விதி. எதற்காக வருகிறார், எந்த நாள், எந்த நேரம் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

சொந்தக்காரரே சொல்லிவிட்டுத்தான் வரவேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, அவர் அனுப்பிய தரகர் சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தள்ளலாமா?

ஒரு யோசனை. வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே இதையும் இரண்டு வரி எழுதிவிடுங்கள். "காலி செய்யும் கடைசி மாதத்தில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு, இன்ன கிழமைகளில், இன்ன நேரத்தில் வீட்டைக் காட்டலாம்" என்று எழுதினால் போதும். வீட்டுக்காரருக்கும் சவுகரியம். குடியிருப்பவருக்கும் நிம்மதி. இப்போதைய சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் செய்துகொள்ள வேண்டியது கட்டாயம். எழுதுவதை முழுமையாக எழுதிவிடலாமே!

தரகர்களுக்கு ஒரு வார்த்தை

நம் ஊரில் வீடு பார்ப்பதற்கு நல்ல நேரம் பார்க்கிறோம். "ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு மேல் ராகு காலம், 6 மணிக்குப் பிறகு போகலாம்" என்கிறோம். எமகண்டம் பார்க்கிறோம். குளிகை பார்க்கிறோம். அந்த வீட்டில் இருப்பவருக்கு அது நல்ல நேரமா என்று மட்டும் பார்ப்பது இல்லை!

தரகரே, முதல் நாள் ஒரு போன் செய்யுங்கள். "நாளை மாலை 5 மணிக்கு 3 பேர் வரலாமா?" என்று கேளுங்கள். கிளம்பும்போது இன்னொரு போன் செய்யுங்கள். இரண்டு போனுக்கும் சேர்த்து 2 நிமிடம்தான் ஆகும்.

5 மணி என்றால் 5 மணிக்குப் போங்கள். அரை மணி நேரம் தாமதம் ஆகும் என்றால், அதைச் சொல்லிவிடுங்கள். உங்களுக்காக ஒருவர் கடைக்குப் போகாமல் காத்திருக்கலாம். ஒரு பாட்டி பகல் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். "உள்ளே வரலாமா?" என்று கேளுங்கள். வீட்டைச் சுற்றிக் காட்டும் வேலையை அந்த வீட்டுக்காரர்களிடமே விடுங்கள். மூடி இருக்கும் கதவை அவர்களே திறக்கட்டும். பீரோவையும் அலமாரியையும் தொடவேண்டாம். பூசை அறை, சமையல் அறை இரண்டும் எட்டிப் பார்த்தால் போதும்.

ஒரே நேரத்தில் 4 குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போகும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. "பார்த்தீங்களா, எவ்வளவு கிராக்கி! இப்பவே அட்வான்ஸ் கொடுத்துடுங்க" என்று அவசரப்படுத்த அது ஒரு தந்திரம். குடியிருப்பவர் வீட்டைச் சந்தைக்கடை ஆக்குவதும், வந்தவரைப் பதற வைப்பதும் நல்ல தொழில் அல்ல. அவசரத்தில் முடிந்த பேரம், பிறகு அழுகையில் முடியும்.

இன்னொன்று. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

சென்னையில் வீடு பார்க்கிறவர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி, "மழைக்குத் தண்ணீர் வருமா?" என்பது. 2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தையும், 2023-ம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த மழையையும் பார்த்தவர்கள் அவர்கள். தரைத்தள வீட்டில் கட்டில் மிதந்ததைக் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் "இங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் நிக்காது" என்று பொய் சொல்லலாமா? தரகருக்கு ஒரு மாதக் கமிஷன். குடிவந்தவருக்கோ ஆயுள் முழுவதும் சேர்த்த சாமான்!

படம் எடுக்கலாமா?

இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. தரகர் உள்ளே நுழைந்ததும் வீடியோ எடுக்கத் தொடங்குகிறார். பத்து நிமிடத்தில் அது 'வாட்ஸ்-அப்' குழுக்களில் சுற்றுகிறது.

அதில் என்னென்ன தெரிகிறது? பீரோ எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. பின்கதவுக்கு என்ன தாழ்ப்பாள் என்று தெரிகிறது. பள்ளிச் சீருடையில் நிற்கும் பெண் குழந்தை தெரிகிறது. கட்டிலில் படுத்திருக்கும் நோயாளி தெரிகிறார்.

முன்பின் தெரியாத நூறு பேருக்கு இதை அனுப்பலாமா?

படம் வேண்டும் என்றால் வீடு காலி ஆனபிறகு எடுங்கள். இப்போதே வேண்டும் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். ஆட்களும் சாமான்களும் விழாதபடி எடுங்கள். "வேண்டாம்" என்று சொன்னால் போனைப் பையில் போடுங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கு

தவறு தரகரிடம் மட்டும் இல்லை. பார்க்கப் போகும் நாமும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர் போனால் போதும். மாமா, சித்தப்பா, வாஸ்து பார்ப்பவர் என்று பட்டாளத்தைத் திரட்டிக்கொண்டு போகவேண்டாம். முதலில் நீங்கள் பாருங்கள். பிடித்திருந்தால் மற்றவர்களை இரண்டாம் முறை, நேரம் கேட்டு அழைத்துப் போகலாம்.

"ஐயோ, இவ்வளவு சின்ன சமையல் அறையா! இதில் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள்?" என்று உரக்கச் சொல்லாதீர்கள். அங்கே குடும்பம் நடத்துகிறவர் பக்கத்தில்தான் நிற்கிறார். அவர் மனம் என்ன பாடுபடும்? குறை இருந்தால் வெளியே வந்து பேசுங்கள்.

ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்கத் தயங்காதீர்கள். குழாயில் தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது? கோடையில் லாரித் தண்ணீர் வாங்கவேண்டுமா? மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உண்டா? மழையில் சுவர் ஒழுகுகிறதா? இவற்றைக் குடியிருப்பவரிடம் மரியாதையாகக் கேட்டால், தரகர் சொல்லாத உண்மையும் கிடைக்கும்.

போகமுடியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். வேறு வீடு முடிந்துவிட்டது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். வருவதாகச் சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிடுவது நாகரிகம் அல்ல.

தனியாக வீடு தேடும் பெண்கள், போகும்போது ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போவது நல்லது. முடியாவிட்டால், எந்தத் தெரு, எந்த வீடு, யாரோடு போகிறோம் என்பதை வீட்டுக்கோ தோழிக்கோ தெரிவித்துவிட்டுப் போங்கள். மாலை இருட்டியபிறகு காலி வீட்டைப் பார்க்க ஒத்துக்கொள்ள வேண்டாம். நல்ல தரகர் இதைத் தவறாக நினைக்கமாட்டார்.

அரை நாள் கூலி

எனக்குத் தெரிந்த ஒருவர் ஓட்டலில் வேலை செய்கிறார். வீடு பார்க்கவேண்டும் என்று அரை நாள் லீவு போட்டார். மனைவியும் தையல் வேலைக்குப் போகவில்லை. இருவரும் பஸ் பிடித்துப் போய்த் தெருமுனையில் நின்றார்கள்.

தரகர் வரவில்லை. போன் செய்தால் "வந்துகிட்டே இருக்கேன்" என்றார். ஒன்றரை மணி நேரம் கழித்து, "அந்த வீடு நேத்தே முடிஞ்சுபோச்சு" என்றார்.

முடிந்துபோனது நேற்றே தெரியும். ஒரு வார்த்தை சொல்லி இருந்தால் இரண்டு பேரின் கூலி மிஞ்சி இருக்கும். மாதச் சம்பளக்காரருக்கு நேரம் போகிறது. தினக்கூலிக்காரருக்கு நேரத்தோடு அரிசியும் போகிறது!

வாசலில் ஒரு கேள்வி

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது.

பலர் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே, வாசலில் வைத்து ஒரு கேள்வி வருகிறது. "நீங்க எந்த ஆளுங்க?"

வேலை என்ன, எத்தனை பேர், முன்பு எங்கே குடியிருந்தீர்கள் என்று கேட்கலாம். அடையாள அட்டை கேட்கலாம். வீட்டை ஒப்படைக்கிறவர் அதை எல்லாம் தெரிந்துகொள்வது நியாயம். ஆனால் சாதியையும் மதத்தையும் கேட்டு ஒரு குடும்பத்தை வெயிலில் திருப்பி அனுப்புவதில் என்ன நியாயம்?

1950-ம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்துவிட்டது. வாடகை வீட்டு வாசலில் மட்டும் அது வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த குழந்தை, "ஏம்பா நமக்கு வீடு இல்லையாம்?" என்று கேட்டால், அந்தத் தகப்பன் என்ன பதில் சொல்லுவான்?

"ஓனர் கேட்கச் சொன்னார், நான் கேட்டேன்" என்று தரகர் தப்பிக்கக் கூடாது. "அந்தக் கேள்வியை நான் கேட்கமாட்டேன், சார்" என்று சொல்ல அவருக்கு வாய் இருக்கிறது.

குடியிருப்பவருக்கும் கடமை உண்டு

காலி செய்கிறவர்களும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். நமக்கும் யாரோ ஒருவர் தன் வீட்டைத் திறந்து காட்டியதால்தான் இந்த வீடு கிடைத்தது. அதை மறக்கலாமா?

"வாரத்தில் இரண்டு நாள், மாலை 5 முதல் 7 மணி வரை வாருங்கள்" என்று நீங்களே நேரம் கொடுத்துவிடுங்கள். பிறகு எந்த நேரமும் மணி அடிக்காது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

நகையையும் பணத்தையும் பூட்டி வையுங்கள். வருகிறவர்கள் மேல் சந்தேகம் என்று பொருள் அல்ல. பின்னால் யார் மேலும் சந்தேகம் வராமல் இருக்கத்தான்.

வயதானவர் தனியாக இருக்கும்போது முன்பின் தெரியாதவர் வந்தால், கதவைத் திறக்கவேண்டியது இல்லை. "வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுச் சொல்லுகிறோம், நாளை வாருங்கள்" என்று உள்ளே இருந்தே சொல்லலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

தரகரும் மனிதர்தான்

தரகர்களைக் குறை சொல்லுவது சுலபம். அவர்கள் படும் பாட்டையும் பார்க்கவேண்டும்.

வெயிலில் அலைகிறார். சொந்தக் காசில் பெட்ரோல் போடுகிறார். பத்து வீடு காட்டினால் ஒன்று முடிகிறது. ஆடி மாதம் வந்தால் யாரும் வீடு மாறுவது இல்லை. அந்த மாதம் அவர் அடுப்பும் மெதுவாகத்தான் எரியும்.

அப்படிப்பட்டவரை ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். தரகரோடு போய் வீட்டைப் பார்க்கிறார்கள். "பிடிக்கவில்லை" என்று சொல்லிவிட்டு, மறுநாள் நேராக வீட்டுக்காரரிடம் போய்ப் பேசி முடிக்கிறார்கள். இது உழைத்தவன் கூலியைப் பறிப்பது. இதற்கு வேறு பெயர் இல்லை.

ஆகவே கமிஷன் எவ்வளவு என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். சென்னையில் வாடகை வீட்டுக்கு ஒரு மாத வாடகையைக் கேட்பது பரவலான பழக்கம். பேசியதைப் பேசியபடி கொடுங்கள். ஆனால் வீட்டுக்காரரை நேரில் பார்க்காமல், ஒப்பந்தம் பேசாமல், அட்வான்ஸ் பணத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

வீடு விலைக்கு வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். 2016-ம் ஆண்டு மத்திய அரசு ரியல் எஸ்டேட் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி, பதிவு செய்யவேண்டிய மனைப்பிரிவுகளிலும் அடுக்குமாடித் திட்டங்களிலும் விற்பனைக்கு உதவும் தரகர், தன் பெயரையும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யாமல் தொழில் செய்தால், நாள் ஒன்றுக்கு ரூ.10 ஆயிரம் என்று அபராதம் ஏறும். தரகரிடம் "உங்கள் பதிவு எண் என்ன?" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். ஒழுங்கான தரகர் பெருமையோடு எடுத்துக் காட்டுவார்.

ஆனால் கதவைத் தட்டிவிட்டு நிற்கும் பண்பை எந்தப் பதிவு எண்ணும் தராது. அது தரகரிடம்தான் இருக்கவேண்டும்.

அந்த அம்மாள்

எங்கள் வீட்டுக்கு வந்த அந்த வயதான அம்மாள் என்ன ஆனார்?

என் தாயார், "ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை சரியாக 10 மணிக்கு வந்தார். மகனும் மருமகளும் மட்டும் கூட வந்தார்கள். தரகரும் வந்தார். அந்த அம்மாள் என்ன சொல்லி இருந்தாரோ, இந்த முறை தரகர் செருப்பை வெளியே கழற்றினார். வாசற்படியில் நின்று, "வரலாமா, அம்மா?" என்று கேட்டார்.

என் தாயார் வீடு முழுவதையும் காட்டினார். எந்தக் குழாயில் தண்ணீர் மெதுவாக வரும், எந்தச் சுவரில் ஆணி இறங்காது, எந்த ஜன்னலில் காற்று வரும் என்று எல்லாவற்றையும் சொன்னார். மழைக்காலத்தில் பின்கட்டில் தண்ணீர் தேங்குவதையும் மறைக்கவில்லை.

அந்த வீடு அவர்களுக்கே முடிந்தது.

நாங்கள் காலி செய்த அன்று, பால் காய்ச்ச வந்தவர்கள் எங்கள் குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். தரகருக்கும் அவருடைய கமிஷன் குறையாமல் கிடைத்தது.

முதல் நாள் அவசரத்தில் ஒரு குழந்தை அழுதது. இரண்டாம் நாள் பொறுமையில் மூன்று தரப்பாருக்கும் காரியம் நடந்தது. இரண்டு நாளுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஒரே ஒரு கேள்விதான்.

"எப்போது வரலாம்?"

வீடு காட்டுகிறவர்களும் வீடு பார்க்கிறவர்களும் அந்தக் கேள்வியை மறக்காமல் கேட்கட்டும்!